ஜூபார் சரிவில் விடியலுக்கு முன்: திருச்சி மேஜர் சரவணன், வீர் சக்ரா – நிகழ்வு ஆய்வு

திருச்சி கன்டோன்மென்ட் வழியாகப் போய்வருகிறவர்களுக்கு மேஜர் சரவணன் நினைவுச் சின்னம் பழகிய இடம். கொள்ளிடம் தாண்டி லால்குடிப் பக்கமோ, கல்லணை தாண்டிப் பூதலூர்ப் பக்கமோ போய்ப் பெயரைச் சொன்னால், "கார்கில்ல எறந்தாரே, அவருதானே?" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கும்பகோணம், மன்னார்குடி என்று கிழக்கே போகப் போக அதுவும் இருக்காது.

விவரம் தெரிந்தவர்களும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: குண்டடி பட்டும் பின்வாங்காமல் போராடி வீரமரணம் அடைந்தார். உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தை எந்த வீரரின் படத்துக்குக் கீழேயும் ஒட்டலாம். தாக்குதலை நடத்திச் செல்ல வேண்டிய அதிகாரி தானே ராக்கெட் லாஞ்சரைத் தோளில் ஏற்றிச் சுட்டது ஏன்? விழுந்த உடல் ஒரு மாதத்துக்கு மேல் மலைச்சரிவிலேயே கிடந்தது ஏன்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் அவர் செய்தது என்ன என்று சொல்ல முடியாது. இரண்டு பதில்களும் அந்த இடத்தின் உயரத்திலும், கல்லிலும், அன்று வெளிச்சம் வந்த நேரத்திலும் இருக்கின்றன.

ஆளும் பட்டாலியனும்

மாரியப்பன் சரவணன் 1972 ஆகஸ்ட் 10 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தவர். தந்தை ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னல். குடும்பம் திருச்சி. என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ், பிறகு சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி, 1995 மார்ச்சில் அதிகாரியாகக் கமிஷன். 1999 கார்கில் போரில் ஜூபார் என்ற மலைமுகட்டில் விழுந்தபோது வயது 26.

சேர்ந்தது பிகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். 'தமிழ்நாட்டுக்காரருக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட்தானே?' என்று இங்கே பலர் கேட்பதுண்டு. ஜவான்களுக்குத்தான் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அதிகாரி எந்த மாநிலத்திலிருந்தும் எந்த ரெஜிமென்டுக்கும் போவார். போன இடத்தில் ஜவான்களின் பேச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. இருட்டில், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே, கத்திச் சொல்கிற ஒரு சொல் அந்த நொடியே புரிந்தாக வேண்டும். பிகார் ரெஜிமென்டின் தலைமையிடம் பாட்னாவை ஒட்டிய தானாப்பூர், போர்முழக்கம் 'ஜெய் பஜ்ரங் பலி'. காவிரிக்கரையிலிருந்து போனவர் அந்த முழக்கத்தோடுதான் மலை ஏறினார்.

இடம்

கார்கில் போர் என்றதும் மனதில் வருவது டைகர் ஹில்லும் தோலோலிங்கும். அவை இரண்டும் திராஸ் பகுதி. ஜூபார் இருப்பது படாலிக் பகுதியில்: கார்கில் நகருக்கு வடகிழக்கே, சிந்து நதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய முகடுகளில். திராஸிலிருந்து படாலிக்குக்குச் சாலையில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். பாகிஸ்தான் தரப்பின் ஊடுருவல் முதலில் கண்ணில் பட்டதும் படாலிக் பகுதியில்தான். 1999 மே 3 அன்று, கார்கோன் கிராமத்து மேய்ப்பர் தாஷி நம்கியால் மலைமேல் அந்நிய ஆட்கள் நடமாடுவதைப் பார்த்து ராணுவத்துக்குச் சொன்னார்.

தாக்க வேண்டிய நிலை 14,200 அடிக்குச் சற்று மேல். திருச்சி கடல்மட்டத்திலிருந்து 300 அடிக்குள். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரங்களில் ஒன்றான தொட்டபெட்டாவே 8,652 அடிதான். 14,200 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 58 விழுக்காடு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். ராணுவ நடைமுறைப்படி 9,000 முதல் 12,000 அடிக்கு ஆறு நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை இன்னும் நான்கு நாள் உடம்பைப் பழக்க வேண்டும். அவசரத்தில் இதைக் குறுக்கினால் முதலில் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பழகிய உடம்புக்கும் தப்பில்லை. சுமையோடு செங்குத்தாக ஏறும்போது பத்து இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியே தீர வேண்டும்.

மெல்லிய காற்றால் இன்னொரு சிக்கலும் உண்டு, பலர் கவனிக்காதது. தோட்டாவுக்குக் காற்றின் தடை குறைவதால் சமவெளியில் குறி சரிபார்த்த துப்பாக்கி இங்கே மேலே தூக்கி அடிக்கும். மேல்நோக்கிச் சுடும்போதும் குறி மேலேதான் விலகும். இரண்டும் ஒரே திசைப் பிழை என்பதால் ஒன்று மற்றொன்றைச் சரிக்கட்டாது, கூடிக்கொண்டே போகும். பீரங்கிக்கும் இதே கதி. சமவெளி அட்டவணையை நம்பிச் சுட்டால் குண்டு இலக்கைத் தாண்டி மலைக்குப் பின்புறம் விழும்.

மே 28–29 இரவு

சைட்டேஷன் எனப்படும் விருதுக் குறிப்பு சுருக்கமானது. பலமாக அரண் அமைத்த எதிரி நிலையைப் பிடிக்கும் பணி, விடியற்காலை 4 மணிக்குத் தாக்குதல், கடும் எதிர்ச்சூடு, ராக்கெட் லாஞ்சரால் எதிரி அரணுக்குள் சுட்டு இருவரை வீழ்த்தியது, சிதறல் பாய்ந்து காயம், காயத்தோடு தொடர்ந்து போரிட்டு உயிர் துறந்தது. அவ்வளவே. வயர்லெஸ்ஸில் பேசியதாகச் சுற்றும் சினிமா வசனங்கள் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை. குறிப்பில் இருப்பதே போதும், கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்.

முதலில் நேரம். அந்தப் பகுதியில் மே மாதக் கடைசியில் சூரியன் 5 மணியைத் தாண்டியதும் எழுந்துவிடும். 4:40 வாக்கிலேயே ஆள் அடையாளம் தெரிகிற வெளிச்சம் வந்துவிடும். 4 மணிக்குத் தாக்குவது என்றால் இரவெல்லாம் ஏறி, வெளிச்சத்துக்கு முன் எதிரி அரணின் வாசலில் நிற்கிற திட்டம். கணக்கு கச்சிதமாக இருந்தால் எதிரி தூக்கக் கலக்கத்தில் இருப்பான், நாம் இருட்டின் மறைவில் இருப்போம். அரை மணி பிசகினால் எல்லாம் தலைகீழ். விடிந்த பிறகு மரமோ புதரோ இல்லாத சரிவில், மேலே இருப்பவனின் கண்ணுக்கு நேர் கீழே, படுத்துக்கிடக்க வேண்டிவரும்.

இரண்டாவது நிலவு. 1999 மே 30 பௌர்ணமி. ஊரில் முருகன் கோயில்களில் வைகாசி விசாகக் கூட்டம் சேர்ந்த அதே நாட்கள். முழுமைக்கு ஒன்றரை நாளே குறைந்த நிலவு இரவின் பெரும்பகுதி வானில் இருந்து விடியலை ஒட்டித்தான் இறங்கும். தெளிந்த வானில் அந்த வெளிச்சம் ஏறுகிறவனுக்குக் கால் வைக்க உதவும், அதே அளவுக்கு அவனைக் காட்டியும் கொடுக்கும். பனித்திட்டுகளின் மேல் நடக்கும் ஆள் கறுப்பாகத் தெரிவான். இரவுத் தாக்குதலுக்குத் தேய்பிறையைப் பார்த்து வைப்பது காலாட்படை வழக்கம். மே மாதக் கடைசியில் காத்திருக்க நாள் இல்லை.

கல் அரண்

மண்வெட்டி இறங்காத பாறையில் பதுங்குகுழி வெட்ட முடியாது. கல்லை அடுக்கி இடுப்பளவு, மார்பளவு சுவர் எழுப்புவார்கள். இதற்குப் படையில் வழங்கும் பெயர் சங்கர். மேலே தகரமோ கட்டையோ போட்டுக் கல்லைப் பரப்பினால் கூரை. முன்பக்கம் துப்பாக்கிக் குழல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டிருப்பார்கள். பார்க்க எளிய வேலை, அடித்துத் தகர்ப்பது எளிதல்ல.

ஜவான் கையில் இருந்த 5.56 மி.மீ. இன்சாஸ் தோட்டா கல்லில் பட்டுத் தெறிக்கும். கையெறி குண்டை ஆளை நெருங்கித்தான் வீச வேண்டும். சமவெளியில் 25–30 மீட்டர் போகும் குண்டு செங்குத்தில் அதில் பாதிகூட ஏறாது. சந்துக்குள் விழாமல் சுவரில் மோதினால், திரி எரிகிற அந்த நாலு நொடிக்குள் உருண்டு எறிந்தவனிடமே வந்து சேரும். பீரங்கி தகர்க்கும், ஆனால் தன் ஆட்கள் இலக்கை நெருங்கிவிட்டால் சிதறலுக்குப் பயந்து சூட்டை நிறுத்தியாக வேண்டும். ஆக கடைசி இருநூறு முந்நூறு மீட்டரில் காலாட்படைக்குத் துணை காலாட்படையே. அந்த இடைவெளியில் கல் அரணுக்குள் வெடிமருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க பட்டாலியனிடம் இருந்த நம்பகமான கருவி ராக்கெட் லாஞ்சர்தான்.

நம் காலாட்படையில் அந்தப் பெயரால் குறிக்கப்படுவது 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃப். அப்போது பரவலாக இருந்த மார்க் 2 வகையின் எடை சுமார் 14 கிலோ. குண்டு ஒன்று 3 கிலோவுக்குச் சற்று மேல். ஒருவர் நான்கு குண்டு சுமந்தாலே 12–13 கிலோ. இதை இருவர் இயக்குவார்கள். முதல் ஆள் தோளில் வைத்துக் குறிபார்த்துச் சுடுவார். இரண்டாவது ஆள் பின்மூடியைத் திறந்து குண்டை ஏற்றி, மூடி, தோளைத் தட்டிச் சொல்வார். சொந்தத் துப்பாக்கி, தண்ணீர், குளிராடை இவற்றுக்கு மேல் இந்தச் சுமை. 14,000 அடியில் முதலில் பின்தங்குகிறவர்கள் இந்த இருவர்தான். எந்தக் கருவி இல்லாமல் தாக்குதல் நின்றுபோகுமோ அது வரிசையின் கடைசியில் வந்து சேரும். இதைத் தெரிந்த அதிகாரி அவர்களைத் தன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வார், சுமையைப் பிரித்துக் கொடுப்பார்.

சுடுவதிலும் சிக்கல் உண்டு. இந்தக் குழாய் பின்புறம் திறந்தது. குண்டு முன்னே போகும்போது நெருப்பும் வாயுவும் பெரும் வேகத்தில் பின்னால் பாயும். பின்பக்கம் பல பத்து மீட்டருக்கு யாரும் இருக்கக் கூடாது. சமவெளியில் இது வெறும் பாதுகாப்பு விதி. மேல்நோக்கிய சரிவில் கதை வேறு. முன்வாய் மேலே தூக்கினால் பின்வாய் தரையை நோக்கித் தாழும். படுத்தபடி சுட்டால் பீறிடும் வாயு தரையில் அறைந்து கல்லையும் மண்ணையும் சுடுகிறவர் மேலேயே வாரி இறைக்கும், அவர் காலையும் கருக்கும். அதனால் மண்டியிட்டோ நின்றோதான் சுட முடியும். அதாவது மறைவை விட்டு எழ வேண்டும். எழுந்து, மூச்சிரைப்பில் ஆடும் தோளை நிலைநிறுத்தி, கல் அரணின் அந்தச் சிறிய சந்தைக் குறிவைக்க வேண்டும். தவறிக் கல்லடுக்கில் பட்டால் வெளிச்சுவர் கலையும், உள்ளே இருப்பவன் பிழைப்பான். சந்துக்குள் போனால்தான் அரண் அடங்கும். அதற்கு நெருங்கியாக வேண்டும்.

சுட்ட மறுகணம் இருட்டில் பெரிய நெருப்புப் பிழம்பும் புழுதியும் எழும். சுடுகிறவர் நிற்கும் இடம் சுற்றியுள்ள எல்லா அரண்களுக்கும் தெரிந்துவிடும். ஒரு குண்டு, உடனே இடம் மாறு என்பது பாடம். மூச்சு வாங்கும் ஆள் 14 கிலோக் குழாயைத் தூக்கிக்கொண்டு செங்குத்தில் எவ்வளவு வேகமாக நகர்வார்?

விருதுக் குறிப்பின் அந்த ஒரு வரியை இப்போது திரும்பப் படிக்கலாம். அரணுக்குள் சுட்டு இருவரை வீழ்த்தினார் என்றால் குண்டு சந்து வழியே உள்ளே போயிருக்கிறது. அதற்கு அவர் மிக நெருங்கியிருக்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும். சிதறல் பாய்ந்தது அந்தத் தாக்குதலின்போதே. தலைமை அதிகாரி ஆயுதத்தைத் தானே எடுப்பது பாடப்படி சரியல்ல. அவர் கண் மொத்தச் சண்டையின் மேல் இருக்க வேண்டும். ஆனால் தாக்குதல் ஒரே ஒரு அரணின் முன்னால் முடங்கி, விடிய அரை மணிதான் இருக்கிறது என்றால் கணக்கு மாறிவிடும். அந்த அரண் அடங்காவிட்டால் மொத்தச் சண்டை என்று பார்க்க எதுவும் மிஞ்சாது. இளம் அதிகாரிகளுக்கு பிளட்டூன் எனப்படும் சிறு படைப்பிரிவின் ஒவ்வொரு ஆயுதத்தையும் கையாளக் கற்றுக்கொடுப்பது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான். இதைச் சினிமாத்தனமான துணிச்சல் என்று சொல்லிவிட்டுப் போவது அவரைக் குறைத்துப் பேசுவது. அது தொழில் தெரிந்த அதிகாரியின் முடிவு, விலை தெரிந்தே எடுத்தது.

அதே நடவடிக்கையில் முதல் பிகார் பட்டாலியனைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிரிழந்தார். அவருக்கும் மறைவுக்குப் பின் வீர் சக்ரா. திருச்சியில் சரவணனைப் பற்றிப் பேசும் மேடைகளில் அந்தப் பெயரும் ஒலிப்பதே நியாயம்.

உடல் ஏன் அங்கேயே கிடந்தது

மே 29 தாக்குதலில் ஜூபார் கைக்கு வரவில்லை. உடல் எதிரியின் சூட்டு வளையத்துக்குள் இருந்தது. செங்குத்துச் சரிவில் ஒருவரை இறக்கக் குறைந்தது நான்கு பேர் வேண்டும். மாற்றாள் சேர்த்தால் எட்டு. அவர்கள் இரண்டு கைகளையும் சுமைக்குக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து, மெதுவாக நடக்க வேண்டும். மேலே இயந்திரத் துப்பாக்கி இருக்கும்வரை அது ஒரு உடலுக்காக இன்னும் சில உடல்களைக் கொடுக்கும் வேலை. ஹெலிகாப்டர் என்று சிலர் கேட்பார்கள். மே 28 அன்றுதான் தோலோலிங் பக்கம் ஒரு மி-17 ஹெலிகாப்டர் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்குப் பலியாகியிருந்தது.

ஜூன் மாதத்தில் பீரங்கிகள் குவிந்தன. முகடு முகடாக அடித்துத் தளர்த்தி, பக்கவாட்டு முகடுகளை முதலில் எடுத்து, எதிரியின் சப்ளை வழியை அறுத்த பிறகுதான் நிலை மாறியது. ஜூலை முதல் வாரத்தில் உடல் மீட்கப்பட்டது. அதே வாரத்தில் ஜூபாரும் முதல் பிகாரின் கைக்கே வந்தது. பிறகு திருச்சிக்குக் கொண்டுவந்து ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு. வீட்டார் காத்திருந்தது ஐந்து வாரத்துக்கு மேல். பட்டாலியனுக்குப் பின்னாளில் 'படாலிக்' என்ற போர்க்களச் சிறப்புப் பெயர் கிடைத்தது.

எங்கே பிசகியது

மே மாத இறுதியில் மேலே இருப்பது யார், எத்தனை பேர் என்ற கணிப்பே தவறாக இருந்தது. விரட்டிவிடக்கூடிய தீவிரவாதக் குழுக்கள் என்று எண்ணப்பட்டவர்களில் பெரும்பகுதி பாகிஸ்தானின் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி படையினர். அந்த மலையிலேயே பழகியவர்கள், வாரக்கணக்கில் அரண் கட்டிச் சேமிப்பு வைத்தவர்கள். சமவெளியில் ஒருவனுக்கு மூவர் என்று ஆள் சேர்த்துத் தாக்கினால் போதும் என்பார்கள். மலையில் ஆறு முதல் ஒன்பது வரை வேண்டும். எதிரியின் எண்ணிக்கையே குறைவாகக் கணிக்கப்பட்டிருந்ததால் தொடக்கத் தாக்குதல்களுக்கு அந்த விகிதம் கிடைக்கவில்லை. முன்னேற்பாட்டு பீரங்கிச் சூடும் அப்போது போதவில்லை.

இந்த உளவுத் தோல்வியை ஆராய 1999 ஜூலையில் கார்கில் மறுஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் கே. சுப்ரமணியம், 1929இல் திருச்சியில் பிறந்தவர். எதிரி இப்படி ஒரு ஆக்கிரமிப்பில் இறங்குவான் என்பதை நாடு முழுமையாக எதிர்பார்க்கவில்லை என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. ஒரே ஊரின் ஒரு மகன் அந்தப் பிழையின் விலையைச் சரிவில் கொடுத்தார், இன்னொருவர் அதை எழுத்தில் பதிந்தார். நினைவுக் கூட்டங்களில் இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் எடுப்பதில்லை, எடுக்கலாம்.

பதக்கம்

போர்க்கால வீர விருதுகளில் முதலில் பரம் வீர் சக்ரா, அடுத்து மகாவீர் சக்ரா, மூன்றாவது வீர் சக்ரா. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடப்புக்குக் கொண்டுவரப்பட்டது. வெள்ளியில் வட்டப் பதக்கம், நடுவே ஐந்துமுனை நட்சத்திரம். நாடா பாதி கருநீலம், பாதி காவி. பரிந்துரை பட்டாலியனில் தொடங்கும். பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட், ராணுவத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம் என்று ஏறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அரசிதழில் வரும்.

இதில் அடிப்படை, நேரில் பார்த்தவரின் வாக்குமூலம். பக்கத்தில் இருந்தவர்களும் விழுந்துவிட்டால், அல்லது இருட்டில் யாரும் பார்க்கவில்லை என்றால், பரிந்துரை மெலிந்துபோகும், சில சமயம் எழுதப்படாமலே போகும். கார்கிலில் உயிர்நீத்த 527 பேரில் விருதுப் பட்டியலில் இல்லாதவர்களே பெரும்பான்மை. அது அவர்களின் வீரத்துக்கு வைத்த மதிப்பெண் அல்ல.

கல்லில் எழுதும் முன்

டெல்டா ஊர்களில் பள்ளி, முச்சந்தி, ஊராட்சி அலுவலகம் என்று படைவீரர் படம் வைக்கும் வழக்கம் கூடியிருக்கிறது. நல்லது. ஆனால் ஃப்ளெக்ஸிலும் கல்வெட்டிலும் திரும்பத் திரும்ப அதே பிழைகள். வீர் சக்ராவைப் பரம் வீர் சக்ரா என்று உயர்த்தி எழுதுவது. எதிரியோடு நேரடிப் போர் இல்லாத சூழலுக்கான சௌர்ய சக்ராவோடு குழப்புவது. படாலிக்கில் விழுந்தவரை டைகர் ஹில்லில் நிறுத்துவது. சரவணன் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, உடல் மீட்கப்பட்ட ஜூலைத் தேதியை மறைந்த நாளாகப் போடுவது. மறைந்தது மே 29.

சரிபார்க்க வழி இருக்கிறது. முதலில் வீட்டில் இருக்கும் சர்வீஸ் நம்பர், பதவி, பட்டாலியன் மூன்றையும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ பென்ஷன் ஆணையிலோ பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் நம்பரில் ஒரு இலக்கம் மாறினாலும் பதிவு கிடைக்காது. விருது இருந்தால் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். இந்திய அரசிதழ் பகுதி 1, பிரிவு 1இல் அறிவிப்பு இருக்கும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தந்தை பெயரை முன்னால் வைத்தும் பின்னால் வைத்தும் இருமுறை தேட வேண்டும். சரவணன் பெயர் சில இடங்களில் 'மாரியப்பன் சரவணன்' என்றும், சில இடங்களில் 'எம். சரவணன்' என்றும் இருக்கும். அதற்கு மேல் விவரம் வேண்டுமானால் அந்தந்த ரெஜிமென்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பிகாருக்கு தானாப்பூர். குடும்பத்தாரின் கையெழுத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால், வெளியாள் தனியாக எழுதுவதை விடப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

கல்லில் வர வேண்டியவை: பதவி, பெயர், விருது, பட்டாலியன், இடம், பகுதி, தேதி. 'மேஜர் மாரியப்பன் சரவணன், வீர் சக்ரா (மறைவுக்குப் பின்), முதல் பட்டாலியன், பிகார் ரெஜிமென்ட். ஜூபார், படாலிக் பகுதி, 29.05.1999.' இடம் மிஞ்சினால் அடைமொழிக்குப் பதிலாக அவர் கையில் இருந்த ஆயுதத்தின் பெயரைச் சேர்க்கலாம்.